பெங்களூருக்குப் போன திராட்சை வண்டி

— திரவம்னா எந்தத் திரவம் தம்பி? தண்ணியும் திரவந்தான், சாராயமும் திரவந்தான். மொட்டையா ‘திரவம் புகுந்ததால் வாரண்டி ரத்து’ன்னு மெசேஜ் அனுப்புனா நான் என்னத்தன்னு நினைக்கிறது?

— அன்பான வாடிக்கையாளரே, தாங்கள் பதற்றமடைய வேண்டாம். நான் கெவின், பெங்களூரு தலைமையகத்திலிருந்து பேசுகிறேன். தங்கள் லேப்டாப் எமது ஆய்வகத்தில் திறக்கப்பட்டது. விசைப்பலகையின் அடியில் கறை காணப்பட்டது. விதிமுறைப்படி, கறை இருந்தால் வாரண்டி இல்லை.

— கெவினு தம்பி, நான் பாண்டீஸ்வரி. தேனிக்குப் பக்கத்துல பழனிசெட்டிபட்டியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். நான் சொன்ன கோளாறு என்ன? சத்தம் வரலன்னு சொன்னேன். வாங்குன மறுமாசமே ஊமையாப் போச்சு. வாங்குன கடையிலயே கொண்டுபோயிக் குடுத்தேன், அவுக உங்களுக்கு அனுப்பிவச்சாக. குடுக்கும்போது துடைச்சு, பூ வைக்காத குறையா, பொண்ணக் கட்டிக் குடுக்குற மாதிரி குடுத்தேன். கறை எங்கிட்டு இருந்து வந்துச்சு? மூடி மேல வீரபாண்டி கௌமாரியம்மன் படம் ஒட்டியிருக்கேன்ல, அந்த ஆத்தா மேல சத்தியம், ஒரு சொட்டு நான் கொட்டல.

— ஸ்டிக்கர் மீது செய்யப்படும் சத்தியத்தை விதிமுறைப்படி ஏற்க இயலாது.

— அதுசரி. இருங்க தம்பி, ஒரு நிமிசம். வாசல்ல வண்டி போகுது, நீங்க பேசுறது காதுல விழாது.

— பன்னீர் திராட்சை! பன்னீர் திராட்சை! ஏசுதாசன் அண்ணாச்சி வண்டி வந்திருச்சு! விதை இருக்கும், வினை இருக்காது! ஓடி வாங்க மதினி, அள்ளிட்டுப் போங்க!

— மேடம், சுற்றுப்புற ஓசையைக் கட்டுப்படுத்தவும். இந்த உரையாடல் தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது.

— நல்லாப் பதியட்டும். அது எஞ்சத்தந்தான். வண்டி ஓட்டுறது அண்ணாச்சி, ஸ்பீக்கர்ல கூவுறது நானு. உங்ககிட்டக் கெடக்குற லேப்டாப்புலதான் பேசிப் பதிஞ்சு குடுத்தேன். ஜெராக்ஸ்ல என்ன கெடைக்கும்? இந்தக் கூவல்தான் நம்ம பொழப்பு. வீரபாண்டித் திருவிழா நெருங்கிருச்சு. பஜ்ஜிக் கடை, ராட்டினம், பஞ்சுமிட்டாய், அத்தனை பேரும் ‘எங்களுக்கும் பேசிக் குடுக்கா’ன்னு வாசல்ல நிக்காக. லேப்டாப்பு வரலன்னா எல்லாரும் போடியில ஸ்டூடியோக்காரன்கிட்டப் போயிருவாக. அவன் பஜ்ஜியக்கூட எழவுச் செய்தி மாதிரித்தான் சொல்லுவான்.

— தங்கள் உணர்வுகளை மதிக்கிறோம். எனினும், விதிமுறைப்படி...

— விதிமுறைய மடிச்சு வையிங்க தம்பி. உங்களுக்கு மேல ஆள் இருக்காகளா?

— இருக்கிறார். எங்கள் மேற்பார்வையாளர் திரு. விக்ராந்த். மிகவும் கண்டிப்பானவர். இணைப்பில் காத்திருக்கவும்.

— காத்திருக்கேன். இதென்ன பாட்டு, யாரோ உதட்டைக் குவிச்சு விசிலடிக்கிற மாதிரி இருக்கு?

— வணக்கம். விக்ராந்த் பேசுகிறேன். எனது கீழ்நிலை அலுவலர் கெவின் அனைத்தையும் விரிவாக எடுத்துரைத்தார்.

— விசிலு நிக்கிறதுக்குள்ளயா?

— எமது நிறுவனம் வேகத்துக்குப் பெயர் பெற்றது.

— உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கா சார்? மிளகு ரசம் வச்சுக் குடிங்க.

— இது அதிகாரத்தின் குரல் மேடம். ஆய்வறிக்கை என் முன்னால் இருக்கிறது. வாசிக்கிறேன்: ‘விசைப்பலகையின் அடியில் வெளிறிய, பிசுபிசுப்பான, சுக்கு மணமும் இனிப்புச் சுவையும் கொண்ட திரவம்.’

— இருங்க சார். இனிப்புன்னு எப்பிடித் தெரியும்?

— அறிவியல் ஆய்வின் மூலம்.

— நக்கிப் பாத்தீகளா?

— அது நிறுவன ரகசியம்.

— சார், நான் சுகர்காரி. கடுங்காப்பியையே சீனியில்லாம கசாயம் மாதிரி முழுங்குறவ. எங்கடைக்குள்ள இனிப்பு வரணும்னா எம்மகளோட அனுமதி வேணும். யார் வீட்டு இனிப்ப எந்தலையில கட்டுறீக?

— ஏலே, ஆறிப்போகுதுடா! ஒரு மடக்குக் குடிச்சிட்டுப் போயி உம் பொட்டியக் கட்டிக்கிட்டு அழு!

— யாரு சார் அது, உங்களையவா அதட்டுறாக?

— அவர்... எங்கள் கேண்டீன் மேலாளர்.

— பெங்களூர்க் கேண்டீன்ல ‘ஏலே’ன்னா கூப்பிடுறாக?

— இது பன்மொழிச் சூழல் கொண்ட அலுவலகம். மறுப்பு உறுதி செய்யப்படுகிறது. நன்றி.

— நன்றிய நீங்களே வச்சுக்கங்க. உங்களுக்கும் மேல யாரு?

— எனக்கு மேல் ஒருவர்தான். தலைமை மேல்முறையீட்டு ஆணையர். அவர் முடிவுக்கு மேல் அப்பீல் கிடையாது. அவர் பெயரைக்கூட நாங்கள் உச்சரிப்பதில்லை.

— கருவறைக்குள்ள வச்சிருக்கீக போல. கதவத் தொறங்க, கும்பிட்டுக்கிறேன்.

— இணைப்பில் காத்திருக்கவும்.

— மறுபடியும் விசிலா! சுதி எறங்கிப்போச்சு, பாவம். ஊதுறவருக்கு மூச்சு வாங்குதே.

— ஆணையர் பேசுகிறோம்.

— ‘பேசுகிறோம்’னா எத்தனை பேரு சார்?

— பதவியின் மாண்பு கருதி நாம் பன்மையில் பேசுவது வழக்கம். கீழ் அதிகாரிகள் இருவரின் முடிவையும் நாம் தனித்தனியே, நடுநிலையோடு, ஆழ்ந்து பரிசீலித்தோம். கறை கறையே. ஆகவே...

— பன்னீர் திராட்சை! பன்னீர் திராட்சை! ஏசுதாசன் அண்ணாச்சி வண்டி வந்திருச்சு! விதை இருக்கும், வினை இருக்காது!

— என்ன ஆணையரே, உங்க பக்கம் என்ன சத்தம் அது?

— அது... பெங்களூரு மாநகரத்தின் இரைச்சல்.

— அடி ஆத்தி! அண்ணாச்சி இப்பத்தான எங்கடையத் தாண்டுனாரு? அதுக்குள்ள ஓசூர் தாண்டிப் பெங்களூருக்குள்ள பூந்துட்டாரா? அந்த ஓட்டை வண்டி எங்க தெரு மேடு ஏறவே ரெண்டு ஆளு தள்ளணுமே!

— தமிழர்கள் உலகெங்கும் திராட்சை விற்கிறார்கள் மேடம்.

— விக்கட்டும். எஞ்சத்தத்துலயா விக்காக? எங்கடையத் தாண்டுனா அண்ணாச்சிக்கு அடுத்து தண்ணித்தொட்டித் தெரு, அதுக்கடுத்து ரைஸ்மில்லுச் சந்து. நீ எதுல இருக்க? மரியாதையாச் சொல்லு, இல்லன்னா போனைக் காதுல வச்சுக்கிட்டே வண்டி பின்னாடி வந்துருவேன்.

— தண்ணித்தொட்டித் தெருக்கா.

— கெவினு யாரு?

— நாந்தான்.

— விக்ராந்து?

— நாந்தான். தொண்டைய இறுக்கிக்கிட்டுப் பேசுனேன்.

— ஆணையரு?

— மூக்கைப் புடிச்சுக்கிட்டேன்க்கா. எம்பேரு சுருளிராஜன். கம்பெனி நெசமாவே பெங்களூர்லதான் இருக்கு. நம்ம மாவட்டத்து வேலைய மட்டும் மொத்தமா எங்கிட்ட விட்டுட்டாக. லேப்டாப்பப் பிரிக்கிறது, ரிப்போர்ட்டு எழுதுறது, போன் எடுக்கிறது, அப்பீலு விசாரிக்கிறது, எல்லாம் நாந்தான். மூணு கட்ட விசாரணை இருக்கணும்னு அக்ரிமெண்டுல இருக்கு. மூணு ஆளு இருக்கணும்னு இல்ல.

— விசிலு?

— அதுவும் நாந்தான். கம்பெனிப் பாட்டுன்னு ஒண்ணு குடுத்தாக, அது சொதப்புது.

— அப்ப ஆய்வகம்?

— அடுப்படிய ஒட்டி ஒரு மேசை கெடக்குக்கா.

— நல்லா இருக்குடா! நீயே புகாரு வாங்கி, நீயே தள்ளுபடி பண்ணி, நீயே மேல்கோர்ட்டுல ஒக்காந்து, ‘கீழ்க்கோர்ட்டு சொன்னது சரி’ன்னு உன் முதுகுல நீயே தட்டிக்கிட்டியா?

— கேலி பண்ணாதீகக்கா. ஆளு ஒருத்தன்னாலும் கறை நெசம். அடியில பிசுபிசுன்னு ஒட்டுது. இல்லாததை நான் எழுதல. மூணு குரல்ல பேசுவேன், ரிப்போர்ட்டுல பொய் எழுத மாட்டேன்.

— நானும் பொய் சொல்லல. நான் கொட்டல.

— அப்ப யாருதான் கொட்டுனது?

— அதத்தான ஆணையரே நீங்க ஆழ்ந்து பரிசீலிச்சிருக்கணும்!

— யார்ரா அது, குடிக்காமக் கொள்ளாம இம்புட்டு நேரம்? கொண்டா போனை. யாருத்தா பேசுறது?

— நான் ஜெராக்ஸ் கடை பாண்டீஸ்வரி. நீங்க கேண்டீன் மேலாளரா?

— கேண்டீனா? நான் பவுனு, இந்தப் பய அம்மா. ஏத்தா, திராட்சை வண்டியில கூவுறது நீதான? ஒஞ்சத்தத்தைக் கேட்டா, வீட்டுல பழம் அழுகிக் கெடந்தாலும் இன்னொரு கிலோ வாங்கிப்புடுறேன். இவன் என்ன பண்ணான் உன்னைய?

— எம் லேப்டாப்புல ஏதோ இனிப்புத் தண்ணிய நானே கொட்டிக்கிட்டேன்னு, மூணு அதிகாரியா வந்து முடியாதுன்னுட்டான் சித்தி. திருவிழாப் பொழப்பே போச்சு.

— எந்த லேப்டாப்பு? மூடி மேல நம்ம வீரபாண்டி ஆத்தா படம் ஒட்டுனதா?

— அதேதான் சித்தி.

— அம்மா, போனைக் குடு. இது ஆபீஸ் விசயம்.

— இருடா, ஆபீஸு. ஏத்தா, நான் பருத்திக்கொட்டைய ஆட்டி, சுக்கும் வெல்லமும் தட்டிப்போட்டுப் பருத்திப்பால் காச்சுனா முத டம்ளர் ஆத்தாளுக்குத்தான். அன்னைக்குப் பாத்தா இவன் மேசையில ஆத்தா படத்தோட புதுப் பலகை ஒண்ணு கெடக்கு. கொடியேத்த நேரத்துல அவளே வீடு தேடி வந்துட்டான்னு கும்பிட்டு, டம்ளர அவ முன்னாடி அது மேலயே வச்சேன். கையெடுத்துக் கும்பிடையில முழங்கை தட்டி, அம்புட்டும் கவுந்திருச்சு. ஆத்தா ஏத்துக்கிட்டான்னு சந்தோசமா முந்தானையால துடைச்சுவிட்டேன். உள்ளுக்குள்ள எறங்குனது எனக்கு எப்பிடித்தா தெரியும்?

— ஏன் சித்தி, இப்ப ஆணையரு என்ன சொல்றாக?

— அன்பான வாடிக்கையாளரே, ஆணையர் பேசுகிறோம். தங்கள் மேல்முறையீடு ஏற்கப்பட்டது. கெவினும் விக்ராந்தும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள்.