குடைத்துணியில் கட்டிய தொட்டில்கள்

நேரத்தைக் கையிலும் பொறுமையை நெஞ்சிலும் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே, பஞ்சம் பார்த்தும் பல்லிழந்தும் சிரிப்பிழக்காத முன்வரிசைப் பெரியோர்களே, உழைத்துக் காய்ந்த கைகளால் இந்த ஊரை உயர்த்திய தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் நின்றபடி என்னை முறைக்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் ஒரு குடைத் தொழிலாளியின் மகள் தலைதாழ்த்தி வணக்கம் சொல்கிறேன்.

இந்தத் தொழிற்சாலையின் புதிய குழந்தைகள் காப்பகத்தைத் திறக்க வந்திருக்கிறோம். ஆனால், இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட முதல் காப்பாளர் ஓர் ஆண் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? முன்வரிசையில் ஒரு பெரியவர் கை தூக்குகிறார். உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா ஐயா? அவர் தோளில் தூங்கியவர்தானே நீங்கள்.

அந்த ஆண் என் அப்பா. குடைக்குக் கம்பி பூட்டும் மேஸ்திரி.

பொருளாதார மந்தம் வந்தது. எங்கோ தொலைவில் சந்தைகள் சரிந்தன. இங்கே எங்கள் தெருவில் அடுப்புகள் அணைந்தன. நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம், பசித்தால் எதைக் கொண்டு துவட்டுவது? குடை வாங்க ஆளில்லை. இயந்திரங்களுக்குச் சாக்குப் போர்த்தினார்கள். வாயிற்கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். என் அப்பா அதன் பிறகும் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அந்தக் கதவு வரை போவார், பூட்டைப் பார்ப்பார், திரும்புவார். வருடக்கணக்கில் போனார்.

அம்மா விடுதிகளுக்குத் துணி துவைக்கப் போனார். பிள்ளைகளை யார் பார்ப்பது? வேலையில்லாத மனிதர்தான் பார்க்கவேண்டும். அவர் முதலில் ஆக்கிய சோற்றைக் கத்தியால் துண்டு போட்டோம் என்று என் அண்ணன் சொல்வார். சிரிக்கிறீர்கள். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவர்தான் அவர், சொல்ல உரிமை உண்டு. ஆனால் அப்பா விடவில்லை. சோறு ஆக்கப் பழகினார். தலை வாரப் பழகினார். அப்புறம் நான் பிறந்தேன், தாலாட்டவும் பழகினார்.

பிறகு போர் வந்தது. பூட்டிய கதவைப் பசி திறக்கவில்லை, பீரங்கி திறந்தது. என்ன கொடுமை இது? மனிதன் வாழ்வதற்கு வேலை தராத உலகம், மனிதன் சாவதற்கு வேலை தந்தது. மழைக்குக் குடை செய்த தொழிற்சாலை, வானிலிருந்து குதிப்பவர்களுக்குப் பாராசூட் தைக்கத் தொடங்கியது. இளைஞர்கள் படைக்குப் போனார்கள். இடது காது மந்தமான என் அப்பாவைப் படை வேண்டாம் என்றது. தொழிற்சாலையும் வேண்டாம் என்றது. பாராசூட்டுக்குக் கம்பி கிடையாதே, கம்பி மேஸ்திரிக்கு அங்கே என்ன வேலை?

அம்மாவைக் கூப்பிட்டார்கள். தையல் தெரிந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டார்கள்.

நான் பால்குடி மறக்காத பிள்ளை. மதியத்தில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவார். அம்மா பசியாற்றிக் கொடுக்கும் வரை சரக்கு அறையில் காத்திருப்பார். அங்கே மந்தக் காலத்தில் விற்காத கறுப்புக் குடைத்துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஒருநாள் அதில் ஒரு துண்டை உத்தரத்தில் கட்டி என்னைப் படுக்க வைத்தார். நான் தூங்கிவிட்டேன். பக்கத்து இயந்திரத்துப் பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, என் பையனையும் கொண்டாரட்டுமா? வீட்ல அவனைப் பூட்டிட்டு வர்றேன். தைக்கவே ஓடல."

"கொண்டாம்மா. உத்தரம் நீளமாத்தானே இருக்கு."

அந்த வாரத்திலேயே சரக்கு அறை நிறையக் கறுப்புத் தொட்டில்கள். அழுகிற பிள்ளையை அப்பா எப்போதும் இடது தோளில்தான் போடுவார். பாசம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அது கேட்காத காதுப் பக்கம்.

ஊர் சும்மா இருக்குமா? 'தொட்டில் மேஸ்திரி' என்று பட்டம் கட்டியது. முடிதிருத்துபவர் தம் கடையில் நாலு பேர் முன்னால் கேட்டார்: "என்ன மேஸ்திரி, அடுத்தது பாலும் குடுப்பீங்களா?"

அப்பா நிதானமாகச் சொன்னார்: "முடிஞ்சா குடுப்பேன்பா. நீ உன் பொண்ணைக் கொண்டாந்து விடு. உன் சம்சாரமும் நாலு காசு பாக்கட்டும்."

கடை சிரித்தது. மறுவாரம் தம் மகளைத் தூக்கிக்கொண்டு முடிதிருத்துபவரே வந்தார். கையோடு கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் முடி வெட்டிவிட்டுப் போனார்.

போர் ஓய்ந்தது. போனவர்கள் திரும்பினார்கள். திரும்பாதவர்களும் உண்டு, அவர்கள் வீட்டு வாசல்களை நாம் மறக்கவில்லை. அப்போது மேனேஜர் என் அப்பாவை அழைத்தார்.

"மேஸ்திரி, மறுபடியும் குடைதான் செய்யப்போறோம். உங்க பழைய இடம் அப்படியே இருக்கு. வந்துடுங்க."

"நான் வந்துட்டா பிள்ளைங்களை யார் சார் பாக்கிறது?"

"அவங்கவங்க அம்மா பாத்துப்பாங்க. பொம்பளைங்களுக்குத்தான் இனிமே இங்க வேலை இல்லையே."

அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு, "அந்த இடத்துக்காக எவ்வளவு நாள் நடந்தீங்க. போங்க. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்" என்றார்.

"நான் வேலைக்காகத்தான் நடந்தேன். அது எனக்குக் கிடைச்சு ரொம்ப நாளாச்சு. நீ தூங்கு. காலைல சேர்ந்தே போவோம்."

மறுநாள் காலை அந்த வாயிலை நினைத்துப் பாருங்கள். ஒருபுறம் வேலை கேட்டு வந்த படைவீரர்கள். மறுபுறம் வேலையை விடமாட்டோம் என்று பிள்ளைகளோடு பெண்கள். நடுவில் இரு தோளிலும் குழந்தைகளோடு என் அப்பா. பல வீட்டுக் கணவனும் மனைவியும் எதிரெதிர் வரிசையில். மேனேஜர் வெளியே வந்தார். வாய் திறந்தார். மழை கொட்டத் தொடங்கியது.

ஐயா, அம்மா, அத்தனை பேர் நின்றோமே குடைத் தொழிற்சாலை வாசலில், ஒருவரிடமாவது நல்ல குடை இருந்ததா? மந்தத்தில் வாங்க வழியில்லை, போரில் செய்ய ஆளில்லை. மேனேஜர் விரித்த குடையில் மூன்று ஓட்டை. மூக்கு நுனியில் நீர் சொட்டியது.

அம்மா அவர் அருகில் போய்ச் சொன்னார்: "சார், குடைக் கம்பெனி மேனேஜர் நீங்களே நனையறீங்க. ஊர் மொத்தமும் நனையுது. தைக்க ஆள் ஜாஸ்தின்னு சொல்றீங்களே."

இரண்டு வரிசைகளும் சிரித்தன. மேனேஜரும் சிரித்தார். அப்போது, படையில் லாரி ஓட்டிய வீரர் ஒருவர் முன்னே வந்தார். "இவங்க தைச்சதைக் கட்டிக்கிட்டுதான் எங்க ஆளுங்க குதிச்சாங்க. இவங்களை அனுப்பிட்டு அந்த எடத்துல உக்காரச் சொன்னா எனக்கு முடியாது சார்."

மற்ற வீரர்களும் அவர் பக்கமே கைகட்டி நின்றார்கள். மேனேஜர் ஓட்டைக் குடையை மடக்கினார். "ரெண்டு ஷிப்ட் போட்டுப் பாப்போம். எல்லாரும் முதல்ல உள்ள வாங்க, பிள்ளைங்க நனையுது."

ஒற்றைக் கதவு போதவில்லை. இரண்டு கதவுகளையும் திறந்தார்கள்.

தோழர்களே, மந்தம் நம்மிடமிருந்து வேலையைப் பறித்தது. போர் நம் பிள்ளைகளைப் பறித்தது. இரண்டுக்கும் நாம் நன்றி சொல்லவேண்டியதில்லை. நன்றி யாருக்கு? ஊசி பிடித்த கையை மறுபடி ஒடுக்க மறுத்த பெண்களுக்கு. தொட்டில் ஆட்டிய கையை ஒளிக்க மறுத்த ஆண்களுக்கு. அடுத்தவள் இடத்தைப் பிடுங்கி அமர மறுத்த வீரர்களுக்கு. காலம் அவர்களைக் கலைத்துப் போட்டது. எப்படி அடுக்கிக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

பொறுமையோடு கேட்ட சபைக்கும், மணியை அடிக்காமல் விட்ட தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இனி நான் பேசினால் தவறு. உள்ளே ஒரு குழந்தை விழித்துக்கொண்டு கூப்பிடுகிறது; நம் புதிய காப்பாளர் தம்பி மேடையோரத்தில் நிற்கிறார், போக அனுமதிக்காக என் முகத்தைப் பார்க்கிறார். போப்பா, ஓடு, திறப்பு விழாவை நீயே முடித்துவை. வணக்கம்.