மஞ்ச வேலிக்குத் திறப்பு விழா

அட, அங்க வெயில்ல நிக்காதீங்க சார், இப்பிடி ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க. மொதலாளி மாலையோட மீனாட்சிபுரம் முக்குல நிக்கறாரு. நீங்க பின்வழியா வந்துட்டீங்க. இருக்கட்டுமுங்க, ஃபோன் போட்டாச்சு, வந்துருவாரு.

நானுங்களா? மருதாத்தாள். இந்தக் குடோன்ல சாக்குத் தெக்கறது, தரை கூட்டறது எல்லாம் நாந்தான். இன்னிக்கு உங்களுக்கு ஆரத்தி எடுக்கோணுமாம். அதுக்குத்தான் இந்தப் பட்டுச்சீலை, மொதலாளியம்மா குடுத்தாங்க. சாயங்காலம் மடிச்சுத் திருப்பிக் குடுத்தரோணும்.

உங்களைத் தெரியாமயா? தெனமும் சீரியல்ல பாக்கறமுங்களே. டிவியில இன்னுங்கொஞ்சம் தாட்டியமா இருப்பீங்க. அன்னிக்கு அந்தக் கட்டடத்து மேல இருந்து கம்பிக்கட்டு விழுகறப்ப ஓடியாந்து அந்தப் புள்ளைய ஒத்தக் கையில இழுத்துப் போட்டீங்க பாருங்க! அந்தக் கட்டு கீழ வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு விளம்பரம் ஓடிப்போச்சு. எங்க குடோன்ல மூட்டை அத்தனை பொறுமையா விழுகறதில்லீங்க.

எதுக்குக் கூப்புட்டாங்கன்னே சொல்லலீங்களா? நல்லா இருக்குது போங்க. அங்க மேல பாருங்க, இரும்பு மச்சு தெரியுதா? அது ஓரத்துல மஞ்ச பெயிண்ட் அடிச்ச வேலி. அதுக்குத்தானுங்க திறப்பு விழா. ஆமாங்க, வேலிக்குத்தான்! நீங்க மேல ஏறி ரிப்பன் வெட்டோணும். சிரிச்சா சிரிங்க, நாங்களும் சிரிச்சோம்.

மச்சு மேல மாட்டுத் தீவன மூட்டை அடுக்கறாங்க. கீழ நாங்க நடமாடறோம். ஓரத்து மூட்டை ஒண்ணு சரிஞ்சா அம்பது கிலோவும் ஆளு மேலதான். பரிசோதனைக்கு வந்த ஆபீசர் ஒருத்தர் கண்டபடி திட்டிட்டுப் போனாரு. அதுக்கப்பறம் எங்க மொதலாளி ஆறுமுகசாமி கோயமுத்தூர் போயி இந்த வேலியை வாங்கியாந்தாரு. வாங்குனவரு மாட்டீருக்கலாமில்லீங்களா? மாட்டலை. சும்மா மாட்டுனா நாலு பேருக்கு எப்பிடித் தெரியும், டிவி ஆளு வந்து திறக்கோணும்னுட்டாரு. வேலிக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, தார்ப்பாய் போத்தி வாசல்ல படுக்க வெச்சாங்க. நாங்க அதத் தாண்டித்தான் தெனமும் உள்ள போயி மூட்டைக்குக் கீழ நின்னோம். வேலி நெம்பப் பத்திரமா இருந்துச்சுங்க.

மொதல்ல வைகாசில வர்றேன்னீங்க. சூட்டிங்குன்னு தள்ளிப் போச்சு. ஆனியில வர்றேன்னீங்க, அதுவும் தள்ளிப் போச்சு. ஐயோ, உங்களக் குத்தஞ் சொல்லலீங்க. இன்னதுக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா? மொதலாளிகிட்ட நாங்க கேட்டமுங்க, வேலிய மாட்டிப்போடுங்க, அவரு வர்றப்ப வேணா ரிப்பன் கட்டிக்கலாமுன்னு. கட்டுன தாலிக்கு மறுக்கா முகூர்த்தம் வெப்பாங்களான்னு கேட்டாரு. மூட்டைக்கு முகூர்த்தந் தெரியலை. ஆனி மாசமே சரிஞ்சுருச்சு.

கீழ ஒரு ஆளு சிந்துன தீவனத்தைக் கூட்டிட்டிருந்தாருங்க. குனிஞ்சிருந்த முதுகு மேலயே விழுந்துச்சு. மொதலாளி என்ன சொன்னாருங்கறீங்க? மேல பாத்து வேலை செய்யோணுமாம். மேல பாத்துட்டே எப்பிடிங்க தரையக் கூட்டறது? அவுரு ஊட்டு வாசலை ஒரு நாளைக்கு அப்பிடிக் கூட்டிக் காட்டச் சொல்லுங்க. ஆசுபத்திரியில பைக்குல இருந்து விழுந்துட்டாருன்னு சொல்லச் சொன்னாங்க. அந்தாளுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

உசுரு இருக்குதுங்க. இடுப்புக்குக் கீழ உணர்வில்லை. கட்டிலோட கெடக்கறாரு.

பேருங்களா? அந்தப் பேரை நான் வாயில சொல்றதில்லீங்க. எங்க ஊட்டுக்காரரு.

அட, ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க, உக்காருங்க. காப்பி ஆறுது, குடிங்க. நீங்க கண்ணு கலங்கோணும்னு இதச் சொல்லலை. எனக்கு அழுகை எல்லாம் வத்திப்போச்சு, இப்ப கோவந்தான். இருந்தாலும் அவரு பாத்த வேலையும் சேத்து நாந்தான் பாக்கறேன், அவரு குனிஞ்ச எடத்துலதான் நானுங் குனியறேன். வேற எங்க போறது?

கார் சத்தம் கேக்குது, மொதலாளி வந்துட்டாரு. வெரசா ஒண்ணு சொல்லிப்போடறேன். அந்த வேலியக் காலையிலதான் மேல ஏத்துனாங்க. ஒரு போல்ட்டும் முறுக்கலை. படத்துக்கு நின்னாப் போதும்னு கட்டுக்கம்பியில கட்டி நிறுத்தியிருக்கறாங்க. கேட்டா, மொதல்ல விழா முடியட்டும்ங்கறாங்க. உங்க காரு அந்தப் பக்கம் போனா, இந்தப் பக்கம் யாரு முறுக்குவா? நாஞ் சொன்னா எடுபடாது. நீங்க ரிப்பன் வெட்டுங்க, சிரிங்க, கையசைங்க, எல்லாஞ் செய்யுங்க. கேமரா ஓடறப்பவே அந்த வேலியப் புடிச்சு ஒரே ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டுங்க, ஊரே பாக்கட்டும்.

ஆனாப் பாத்து ஆட்டுங்க சார். கீழ நாந்தான் நிப்பேன்.