கையில் பிடித்த கோப்பை

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, சார்ஜன்ட் மாத்தயா. ஒன்பது வருடம் ஊராரையெல்லாம் உட்காருங்கள், உட்காருங்கள் என்று கெஞ்சியே பிழைத்தவள் நான். என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

விமானப் பணிப்பெண் என்றதும் நீங்களும் கொஞ்சம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான். நீர்கொழும்பில் எங்கள் தெருவில் மீன் வெட்டுகிறவன் என்னைக் கண்டால் கத்தியை வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடுவான். அவனுக்கென்ன தெரியும். தலையில் பதினெட்டு ஊசி, உதட்டுச் சாயத்துக்கு நம்பர், மாதாமாதம் எடை. நுனிக்காலில் நின்று கையை உயர்த்தினால் சுவரில் போட்டிருக்கும் கோடு எட்ட வேண்டும். அரைக்கைச் சட்டைக்கு வெளியே ஒரு தழும்பு தெரியக் கூடாது. இவ்வளவும் தேறினால் மேலே போய், கோழியா மீனா என்று கேட்கலாம். வாந்திப் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லலாம். விமானம் தீப்பிடித்தால் தொண்ணூறு வினாடியில் அத்தனை பேரையும் வெளியே தள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் அதற்குத்தான். சிரிப்பு இனாம்.

மூன்று கிலோ கூடிவிட்டது என்று போன வருடம் என்னைத் தரையிறக்கினார்கள். வழியனுப்பு விழாவில் கேக் வெட்டினார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இமாஷா என் தங்கை; நங்கி என்றுதான் கூப்பிடுவேன். அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது; அதற்குப் பிறகு நான்தான் வளர்த்தேன். அவளுக்கும் இதே வேலை மேல்தான் கண். சாப்பாட்டு மேசை நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, நடுவில் நடைபாதை விட்டு, ஆறு மாதம் நானே பழக்கினேன். எங்கள் தொழிலில் முதல் பாடம் கோப்பை. பயணி கையில் பிடித்திருக்கும் கோப்பையில் சூடான எதையும் ஊற்றக் கூடாது. அவர் அதை நம் தட்டில் வைக்க வேண்டும். நாம் நம் பக்கம் இழுத்து, ஊற்றி, திரும்ப நீட்ட வேண்டும். மந்திரியாக இருந்தாலும் இதுதான் சட்டம்.

போன வாரம் ஒரே தபாலில் இரண்டு கடிதம் வந்தன. அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், வியாழக்கிழமை மருத்துவப் பரிசோதனை. இன்னொன்று எனக்கு. மறுபடி எடுத்துக்கொள்வீர்களா என்று சும்மா கேட்டு வைத்திருந்தேன். முடியாது என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார்கள். ஒரே நாளில் வந்தது தற்செயல். அதை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

என் கவலையெல்லாம் அவளைப் பற்றித்தான். கண்டவனுக்கெல்லாம் பல்லைக் காட்டி, கால் வீங்கி, கடைசியில் தராசில் நிறுத்தித் துரத்துவார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"பயப்படாதீங்க அக்கா. நான் கேக் சாப்பிட மாட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை கடைசிப் பயிற்சி. என் பழைய சீருடையைப் போட்டுக்கொண்டேன். மூச்சை அடக்கினால் இன்னும் பொத்தான் விழுகிறது. அவள் பயணியாக மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். அடுப்பிலிருந்து இறக்கின கையோடு வெந்நீர்க் கேத்தலைக் கொண்டுவந்தேன். கோப்பையை ஒழுங்காகத் தட்டில் வைத்தாள். கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"கையில பிடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எல்லாப் பயணியும் சொன்னா கேப்பானா, நங்கி? பிடி. சட்டைக் கையை ஏத்தி விட்டுக்கோ, நனையப் போகுது."

ஏற்றி விட்டுக்கொண்டாள். நான் சொன்னால் எதையும் செய்வாள். மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை ஊற்றினேன். அரைக்கைச் சட்டைக்கு வெளியே தெரிகிற இடம் அவ்வளவுதான். முகத்தில் ஊற்றியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

தழும்பு போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டில் அவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க அக்கா. நான்தான் கையை அசைச்சிட்டேன். ஆறு மாசம் நீங்க பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சு."

தலையைத் தடவிக் கொடுத்தேன். உங்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். நீங்களும் பெரிய மனதோடு, அவள் கை அசைந்தது, அக்காவுக்குக் கை தவறியது, விபத்து என்று முடித்துவிட்டீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள்.

இரண்டு திருத்தம் இருக்கிறது, மாத்தயா. அவள் கை அசையவில்லை. கேத்தல் சாய்வதைப் பார்த்துக்கொண்டே, நான் ஏதோ சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்து, கடைசிவரை நேராகப் பிடித்திருந்தாள்.

அடுத்தது, 'கை தவறியது' என்பதை அடித்துவிடுங்கள். வேண்டுமென்றே ஊற்றினாள் என்று எழுதுங்கள். விமானம் குலுங்கும்போதுகூட ஒன்பது வருடத்தில் ஒரு சொட்டு சிந்தியதில்லை நான். இந்தக் காகிதம் நாளைக்குக் கம்பெனிக்காரர்கள் கண்ணில் பட்டால், எனக்கு ஊற்றத் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள்.