பேர்னாட் வீட்டில் ஃபேன் இல்லை

ராத்திரி ஒரு மணி, ஒண்டரை இருக்கும். ஹெந்தளை தாண்டி, பமுனுகமப் பக்கம் போற கால்வாய்க்கரை ரோட்டு. ஒரு பக்கம் கால்வாய், மற்றப் பக்கம் சதுப்பு. தெரு லைட் ஒண்டும் இல்ல. அந்த ரோட்டில பௌஸி நானா தன்னந்தனியா மோட்டர் சைக்கிள்ல போறார். கடைசி வளைவோட ஹெட்லைட்டையும் அணைச்சுட்டார்... ஏனெண்டா அவர் போறது ஒரு ஆளைக் கையும் களவுமாப் பிடிக்க.

சுரேகா, அந்த டோர்ச்சை நிப்பாட்டு. கரண்ட் எப்ப வரும் எண்டு வெள்ளவத்தையில ஒருத்தருக்கும் தெரியாது, போன் பற்றரியை வீணாக்காத. இதுவும் ஒரு பற்றரிக் கதைதான். எல்லாரும் கிட்ட வந்து இருங்க... படிக்கட்டுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேணாம்.

பௌஸி நானா எண்டா, என்னோட வேலை செய்யிற நளீபாட கூடப்பிறந்த மூத்த நானா. கிராண்ட்பாஸ்ல இருக்கிறார். வீடு கட்டிக் குடுக்கிற கொன்ட்ராக்டர், சோலாரும் பூட்டுவார். கொன்ட்ராக்டர் எண்ட உடனே நீங்க சிரிக்கிறது இருட்டுலயும் தெரியுது. எங்கட பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டினவனை நானும் மறக்கல்ல. ஆனா இந்த மனுசன் ஒரு சட்டி சீமெந்துல கூட கள்ளம் செய்ய மாட்டாராம். அவரோட நித்தம் சண்டை பிடிக்கிற நளீபாவே அப்படிச் சொல்றா எண்டா நம்பத்தானே வேணும்.

அவர் பிடிக்கப் போன ஆள் பேர்னாட். கொட்டாஞ்சேனை ஆள், ஹாபர்ல வேலை செய்து பென்சன் எடுத்தவர். மனுசி டோரின். கொரோனாவுக்குப் பிறகு அவட சுவாசப்பை பழுதாப் போச்சு. பகல்ல எப்படியோ சமாளிப்பா. ராவில ஒக்சிஜன் மெஷின் போட்டுத்தான் படுக்க வேணும். மெஷின் நிண்டா... மூச்சும் நிக்கிற மாதிரித்தான்.

அந்த மெஷின் முதல்ல பேர்னாட் அண்ணன்ட அம்மாடது. ஞாபகம் இருக்குதானே, பெற்றோல் கியூ, காஸ் கியூ, அரை நாளுக்கு மேல கரண்ட் கட்... அந்தக் காலத்துல ஒரு ராவு கரண்ட் வரவே இல்ல. விடியக்குள்ள கிழவி போயிட்டா. பேர்னாட் அண்ணன் சவப்பெட்டியில கை வைச்சுச் சத்தியம் பண்ணினவராம், இனி இந்த நாட்டு வயரை நம்பி ஒரு உயிரையும் வைக்க மாட்டன் எண்டு.

அதுதான் டோரின்ட சீதனக் காணியில, அந்தக் கால்வாய்க்கரையில, ஒரு சின்ன வீடு. ஒரு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. மேல சோலார் தட்டு, உள்ளுக்குப் பற்றரி, மழைத்தண்ணிக்கு ஒரு டாங்கி. வெளியில இருந்து ஒரு வயர் கூட வாசலுக்குள்ள வரக்கூடாது. பௌஸி நானா உக்காந்து கணக்குப் போட்டவர். மெஷின் விடியும் வரைக்கும் ஓட வேணும், ரெண்டு பல்ப் எரிய வேணும்.

"அண்ணே, ஒரு சின்ன ஃபேனையும் சேத்துப் பாப்பமா? இது சதுப்புப் பக்கம். புழுக்கம் ஆளைக் கொல்லும்."

"ஃபேன் வேணாம்."

"இல்ல, அக்காவுக்காக..."

"ஃபேன் வேணாம் எண்டு சொன்னன்தானே!"

அப்படி ஒரு கத்து. பிறகு கூரைக்கு ஸ்லப் போடக்குள்ள மேசன் பாஸ் பழக்கத்துல மேல ஃபேன் மாட்டுற கொக்கி ஒண்டை வைச்சுட்டானாம். பேர்னாட் அண்ணன் வந்து அண்ணாந்து பார்த்தார்... முகம் வெளிறிப் போச்சாம். அந்தக் கொக்கியை வெட்டி எடுக்கும் வரைக்கும் ஆள் வீட்டுக்குள்ள கால் வைக்கல்ல. பௌஸி நானாவுக்கு அப்பவே மனசுக்குள்ள ஒரு உறுத்தல். வேர்த்து ஊத்துற மனுசன், ஃபேனுக்கு ஏன் இப்படிப் பயப்படுறார்?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் எண்டு சும்மாவா சொன்னாங்க? ஃபாதர் வந்து ஆசீர்வாதம் பண்ணி, ரெண்டு பேரும் குடி போய் ஒரு கிழமை ஆகல்ல, பிரச்சினை தொடங்கிட்டுது. விடிய முந்தியே பற்றரி செத்துப் போகுது. மெஷின் பீப்... பீப்... எண்டு கத்துது. டோரின் கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கிற சிலிண்டரை இழுத்து மாட்டித்தான் தப்புறா. ஒரு ராவு இல்ல, ஒவ்வொரு ராவும்.

பேர்னாட் அண்ணன் போன் எடுத்தார். "பௌஸி, பழைய பற்றரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டித் தந்திருக்கிறாய். என்ட மனுசிட உயிரோட விளையாடுறியா?"

"அல்லாஹ் மேல ஆணையா நான் புதுசுதான் போட்ட."

போய் டெஸ்ட் பண்ணினார். பற்றரி கல்லு மாதிரி இருக்கு. அப்படியெண்டா நிலத்துக்குள்ளால களவா வயர் இழுத்து யாருக்கோ கரண்ட் குடுக்கிறாய் எண்டு பேர்னாட் அண்ணன் சுவரோரமெல்லாம் மண்ணைக் கிண்டினார். ஒண்டும் இல்ல. பௌஸி நானா அந்தப் பக்கம் போனா பேர்னாட் அண்ணன் கேட்டைத் திறக்காம நிண்டு கதைக்கிறார். கொட்டாஞ்சேனை முழுக்க இவர்ட பேரை நாறடிச்சுக் கொண்டிருக்கிறார்.

இப்ப பௌஸி நானாவுக்குச் சந்தேகம். அவர்ட போன்ல ஒரு ஆப் இருக்கு. தான் சோலார் பூட்டின வீட்டில எந்த நேரம் எவ்வளவு கரண்ட் இழுக்குது எண்டு கிராண்ட்பாஸ்ல படுத்துக்கொண்டே பார்க்கலாம். பார்த்தார். டோரின் படுக்கிற நேரம் மெஷின்ட லோட் ஏறுது. அது ஒரு நேர் கோடு. நடுச்சாமம் தாண்டினாப் பிறகு அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் மேல ஏறுது... கொஞ்சம்தான். ஒரு ஃபேனுக்குப் போற அளவு.

"ஆஹா! எனக்கு முன்னால ஃபேன் வேணாம் எண்டு நாடகம். ராவில களவா ஃபேன் போட்டுட்டுப் பழி எனக்கா?"

அதுதான் ஹெட்லைட்டை அணைச்சுட்டுப் போன கதை.

மோட்டர் சைக்கிளைத் தள்ளி நிப்பாட்டிட்டு நடந்து போறார். தவளைச் சத்தம்... சேத்து மணம்... காத்து ஒரு சொட்டு இல்ல. கேட்டுக்குக் கிட்டப் போகக்குள்ளயே கேக்குது.

டக்... கர்ர்ர்... டக்... கர்ர்ர்...

பழைய மேசை ஃபேன். கூட்டில தகடு இடிக்கிற சத்தம். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டக். பௌஸி நானாவுக்குச் சந்தோசம் தாங்கல்ல. போன்ல வீடியோவைப் போட்டுக்கொண்டு, திறந்து கிடந்த ஜன்னல்ல மெல்ல எட்டிப் பார்த்தார்.

இருட்டு. மெஷின்ட பச்சை லைட் மட்டும். கட்டில்ல நுளம்பு வலை. வலைக்குள்ள ரெண்டு பேர். பேர்னாட் அண்ணன் நல்ல நித்திரை... அவர் படுத்திருக்கிற பக்கம் வலை பொம்மிப் பொம்மி ஆடுது. டோரின் பக்கம் அசையவே இல்ல. மேசையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார்.

ஃபேன் இல்ல.

சத்தம் இருக்கு... ஃபேன் இல்ல.

அப்பதான் ஓடிகலோன் மணம் வந்ததாம். மாதா கோயிலுக்குப் போற வயசான மனுசிமார் கைலேஞ்சியில தெளிச்சுக்கொண்டு போவாங்களே, அந்த மணம். டோரின் முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறா. ஜன்னலடியில நிக்கிற பௌஸி நானாவை அவ பார்க்கல்ல. புருசன்ட தலைமாட்டுப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டு... கண்ணைச் சிமிட்டாம கிடக்கிறா.

பீப்... பீப்... பீப்... பற்றரி செத்துப் போச்சு. ஃபேன் சத்தமும் இழுத்து இழுத்து நிண்டது.

பேர்னாட் அண்ணன் துள்ளி எழும்பி முதல்ல பார்த்தது ஜன்னல்ல நிண்ட பௌஸி நானாவை. வேறென்ன வேணும்? "கள்ளா! அப்ப நீதான் ராவில வந்து கரண்ட் திருடுறியா!" ஓடி வந்து சட்டையைப் பிடிச்சுட்டார். பிடிக்கப் போனவர் பிடிபட்டுட்டார்.

"விடுங்க அண்ணே! ஃபேனை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறீங்க? என்ட காதால கேட்ட! ஒவ்வொரு சுத்துக்கும் டக் எண்டு இடிச்சுக்கொண்டு..."

சட்டையைப் பிடிச்ச கை அப்படியே கழண்டு விழுந்ததாம். பேர்னாட் அண்ணன் நிலத்துல குந்திட்டார்.

"டக் எண்டு இடிச்சதா?" எண்டு கேட்டார்.

டோரின் சிலிண்டர் குழாயை மூக்கில மாட்டிக்கொண்டு ஹோல் கதவடிக்கு வந்து நிண்டா. அவவுக்கு முன்னாலதான் மனுசன் எல்லாத்தையும் கொட்டினார். கரண்ட் கட் நேரம் அம்மாட மெஷினுக்கு ரெண்டு லொறிப் பற்றரி எடுத்து வைச்சவராம். மெஷினுக்கு மட்டும்தான் அது காணும். அண்டைக்கு அப்படி ஒரு புழுக்கம். "அம்மாதான் சொன்னா, மகன் உனக்கு வேர்த்து ஊத்துது, ஃபேனைப் போட்டுட்டுக் கொஞ்சம் படு எண்டு. கொஞ்ச நேரத்துக்குத்தான் எண்டு போட்டனான், பௌஸி. அப்படியே நித்திரையாப் போனன். எழும்பக்குள்ள ஃபேனும் நிண்டுட்டுது... அம்மாவும்..." அந்த ஃபேனைத் தானே கொண்டு போய் முகத்துவாரத்துல கடல்ல எறிஞ்சவராம்.

டோரின் புருசனையே பார்த்துக்கொண்டிருந்தா. "இவ்வளவு காலம் இதை என்னட்டச் சொல்லல்லயே" எண்டா. பிறகு மெல்லமாச் சொன்னா, "மாமி ஒவ்வொரு ராவும் வாறா. உங்கட நெத்தியைத் துடைச்சுப் பார்ப்பா. பிறகு ஃபேன் சத்தம் கேக்கும். எனக்கு மூச்சுக் குறைஞ்சுதான் இப்படியெல்லாம் தெரியுது எண்டு நான் வாயைத் திறக்கல்ல."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டு சொல்லுவாங்க. ஆனா பௌஸி நானாட ஆப் அரளாது தானே?

"அண்ணே, இன்னொரு பற்றரி பூட்டுவம். நான் கொண்டு வாறன். நான் போட்ட லோட் கணக்குல ஃபேனையும் சேத்துருவம்" எண்டார்.

"அந்த ஃபேனுக்கு நான் கரண்ட் குடுக்கிறதா? ஏலாது." பேர்னாட் அண்ணன் அறைக்குள்ள திரும்பி, சின்னப் பிள்ளை மாதிரிக் கும்பிட்டுச் சொன்னாராம், "அம்மா, எனக்கு வேர்க்கல்ல. எனக்கு வேர்க்கவே இல்ல."

பௌஸி நானா வெளிக்கிடக்குள்ள டோரின் கேட் வரைக்கும் வந்தா. "பௌஸி, மாமிக்கு என்னில கோவம் எண்டா கூடப் பரவாயில்ல" எண்டா. "அவ என்னைப் பார்க்கிறதே இல்ல. அவட கண்ணுக்கு மகன் மட்டும்தான்."

அதுக்குப் பிறகு ராவுராவா கோடு நேராவே இருந்தது. பேர்னாட் அண்ணன் படுக்க முந்திக் குளிச்சு, ஈரத் துவாயைப் போத்திக்கொண்டு, வேர்க்கல்ல அம்மா எண்டு சொல்லிட்டுத்தான் படுப்பாராம். பௌஸி நானாவுக்கும் நிம்மதி.

போன நோன்புக்கு, ஒரு நாள் விடிய முந்திச் சாப்பிடுற ஸஹருக்கு எழும்பினவர். அண்டைக்கு இலை அசையாத வெக்கை. சோத்துல கை வைக்க முந்திப் போனைப் பார்த்திருக்கிறார். கோடு ஏறி... கீழ விழுந்து... வெறும் பூச்சியம்.

கோல் எடுத்தார். மணி அடிக்குது, தூக்கல்ல. திரும்ப எடுத்தார். சாப்பாட்டை அப்படியே போட்டுட்டு, பாலத்தைத் தாண்டி, பேலியகொடை மீன் லொறிகளுக்குள்ளால பறந்தார். கால்வாய் வளைவுலயே கேக்குதாம் அந்த பீப் பீப். கதவை உதைச்சுத் திறந்தார்.

டோரின் கட்டில் ஓரத்துல. கை சிலிண்டர் பக்கம் நீண்டபடி. முடிஞ்சுது.

அவவுக்குப் பக்கத்துல பேர்னாட் அண்ணன்... குறட்டை விட்டுக்கொண்டு நித்திரை. அந்தக் கத்துற மெஷினுக்கும், உடைஞ்ச கதவுக்கும் எழும்பாத நித்திரை. பௌஸி நானா உலுக்கிப் பார்த்துட்டு நெத்தியில கை வைச்சவர். அறை அடுப்பு மாதிரிப் புழுங்குது, இவர்ட சட்டை நனைஞ்சு ஒட்டுது. மனுசன்ட நெத்தி மட்டும் பானைத் தண்ணி மாதிரிக் குளிர்... ஒரு சொட்டு வேர்வை இல்ல. யாரோ இப்பதான் துடைச்சுவிட்ட மாதிரி, ஓடிகலோன் மணம்.

என்ன சுரேகா? அன்பாலயா, வஞ்சத்தாலயா எண்டு கேக்கிறியா? பெத்தவட மனசு எனக்கென்ன தெரியும். பௌஸி நானாவுக்கும் தெரியாது.

பேர்னாட் அண்ணன் இப்ப கொட்டாஞ்சேனையில தங்கச்சி வீட்ட. மெஷினைக் கோயிலுக்குக் குடுத்தாச்சு. கால்வாய்க்கரை வீடு பூட்டு. உள்ளுக்கு ஒரு பல்ப் கூட இல்ல. ஆனா பௌஸி நானா அந்த ஆப்பை அழிக்க மறந்துட்டார்... ஒரு ராவு கை பட்டுத் திறந்துட்டுது. கோடு ஓடுது. ஃபேன்ட ஏத்தம் இல்ல, மெஷின்ட லோட் மட்டும். ஒரே நேர் கோடு. மகன் இல்லாத வீட்டுல ஃபேன் யாருக்கு? பற்றரி விடியும் வரைக்கும் தாங்குதாம்... ஒவ்வொரு ராவும்.

பற்றரியைக் கழட்டி எடுத்துடு பௌஸி எண்டு பேர்னாட் அண்ணன் வீட்டுத் திறப்பைக் குடுத்திருக்கிறார். இவரும் போனவர். இருட்டினாப் பிறகுதான் போய்ச் சேர்ந்தவர். உள்ளுக்குப் போய் பற்றரி சுவிச்சில கையையும் வைச்சுட்டார். அப்ப அறைக்குள்ள...

ஷ்ஷ்ஷ்... ப்பூ... ஷ்ஷ்ஷ்... ப்பூ...

மூச்சு. காதைக் குடுத்துக் கேட்டவராம். ஒரு ஆள்ட மூச்சு இல்ல, ரெண்டு மனுசிமார்ட. ஒண்டு இழுக்க, மற்றது விடுது... ஒண்டு விட, மற்றது இழுக்குது...

மெல்லமாக் கையை எடுத்துட்டு, கதவைப் பூட்டிட்டு வந்துட்டார். அந்தத் திறப்பு இன்னும் அவரிட்டத்தான் இருக்கு.