நடு சீட்டு

இரவு இரண்டு மணி பத்து நிமிடம். கணவாயிலிருந்து காங்நுங் ஊர்ச் சந்தைக்கு இறங்கும் பழைய சாலை. புதுச் சாலை வந்த பிறகு அதில் யார் போகிறார்கள்... முட்டைக்கோஸ் ஏற்றிய வண்டிகள்தான். அன்றைக்கு ஒரே ஒரு வண்டி.

அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். என் சிநேகிதன் சாங்ஜேயின் அக்காள் கணவர் மான்சிக்குக்கு நடந்தது இது. அவரே சொன்னார்.

மான்சிக் ஒரு டன் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கினார். விற்றது ஒரு அம்மாள். அவள் கணவர் தோக்பே நல்ல மனிதர். பனியில் வழுக்கி நிற்கும் வண்டியைக் கண்டால், இறங்கி அதன் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் போகமாட்டார். அப்படிக் கல் வைத்தபோதுதான் ஒருமுறை ஒரு சுண்டுவிரல் போனது. இன்னொருமுறை, அந்தப் பழைய சாலை இறக்கத்தில், ஆளே போனார். பின்னால் வந்த லாரி பார்க்கவில்லை. ஓரமாக நின்ற அவர் வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மாள் சொன்னாள்: "தம்பி, கியர் கம்புக்கு அடியில அவர் வச்ச மீன் இருக்கு. அப்படியே இருக்கட்டும். எடுத்துத்தான் ஆகணும்னா, ஒரு கிண்ணம் அரிசிக் கள்ளு ஊத்தி, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுங்க."

"சரிக்கா" என்றார் மான்சிக்.

மீன் என்ன பெரிய மீன்... நம் எல்லார் வண்டியிலும் இருப்பதுதான். வெள்ளை நூல் சுற்றிய காய்ந்த மீன். விபத்து அண்டாமல் இருக்க.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. கியர் கம்பு மட்டும் நிலைகொள்ளாமல் ஆடியது. "என்ன மாமா, கியர் போடுறீங்களா, கஞ்சி கிண்டுறீங்களா?" என்று சாங்ஜே கேலி செய்வான்.

ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பேரும் கொட்டகையில் மூடியைக் கழற்றினார்கள். கம்பின் அடியிலிருந்து கியர்பெட்டிக்கு இரண்டு கேபிள் போகிறது. ஒவ்வொரு கேபிள் முனையிலும் ஒரு புஷ், கட்டைவிரல் நகம் அளவு வளையம். இரண்டும் தேய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் அந்த மீன்.

மான்சிக் அதை எடுத்து வெளியே கோஸ் இலைக் குப்பையில் வீசினார்.

"மாமா... அந்த அக்கா சொன்னாங்களே."

"செத்தவருக்கு என்னடா அவசரம்? நாளைக்கு ஊத்திக்கலாம்."

வாங்கி வைத்திருந்த இரண்டில் ஒரு புது புஷ் ஏறிவிட்டது. இரண்டாவது, இடுக்கியிலிருந்து துள்ளி, உருண்டு, சாக்கடைத் துளையில் விழுந்தது. கடை மூடியாயிற்று. விடிவதற்குள் கோஸ் சந்தையில் இருக்க வேண்டும். மான்சிக் யோசித்தார். மீனைச் சுற்றியிருந்த நூலை உருவி வந்து, பழைய புஷ்ஷையே நூல் சுற்றி இறுக்கி மாட்டினார். கம்பு ஆடவில்லை. சிரித்துக்கொண்டார்.

வீட்டு நாய் மீனை மோந்து பார்த்தது. தின்னவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது... காவல் இருப்பதுபோல.

இரண்டு மணி பத்து. இறக்கம் தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் ஒரு டன்னுக்கும் மேலே கோஸ். ஐந்தாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இழுத்தார்.

டக்.

கம்பு கையோடு வந்து தொய்ந்தது. எந்தக் கியரிலும் இல்லை. என்ஜின் சத்தம் அடங்கி, காற்றின் சத்தம் மட்டும். பிரேக்கை மிதித்தார். பிடித்தது... பிறகு கருகிய வாடை... பிறகு பிடிக்கவில்லை. எழுபது. எண்பது. கீழே பெரிய வளைவு. அதற்கப்பால் பள்ளத்தாக்கு.

மனைவி முகம் நினைவுக்கு வந்தது என்றார். ஊற்றாமல் விட்ட அந்தக் கிண்ணமும்.

"அண்ணே, தப்புதான்... மன்னிச்சிடுங்க" என்று வாய்விட்டே சொன்னார்.

காய்ந்த மீன் வாடை வந்தது. நடு சீட்டின் ரெக்சின், ஆள் உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ, அப்படி மெல்ல அமுங்கியது. கம்பின் மேலிருந்த அவர் கை குளிர்ந்தது. முழுக் கையும் இல்லை. நான்கு இடத்தில் மட்டும். சுண்டுவிரல் பக்கம் ஒன்றும் இல்லை.

கம்பு நகர்ந்தது. மூன்று. என்ஜின் அலறியது. வண்டி தலை குனிந்து வேகம் குறைந்தது. பிறகு இரண்டு. வளைவு மெதுவாக, மிக மெதுவாகக் கடந்தது.

அடிவாரத்தில் நிறுத்தி, டார்ச் அடித்து, மூடியைத் தூக்கிப் பார்த்தார். நூல் சுற்றிய புஷ் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கேபிள் முனை கழன்று ஒரு ஜாண் தள்ளித் தொங்கியது. கியரை மாற்றும் கேபிள் அதுதான்; அது இல்லாமல் கம்பை எப்படி இழுத்தாலும் கியர் விழாது.

மறுநாள் புது புஷ் போட்டார். நாய் விடிய விடியக் காத்த மீனைக் கழுவி, புது நூல் சுற்றி, பழைய இடத்திலேயே வைத்தார். கள் ஊற்றிக் கும்பிட்டார். அந்த அம்மாளுக்கு ஒரு மூட்டை கோஸ் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். அவள் மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள்: "குளிர்ல அவர் கை ரொம்ப சில்லுனு இருந்துச்சா தம்பி?"

அந்த வளைவில் இன்றைக்கும் மான்சிக் கம்பிலிருந்து கையை எடுத்துவிடுவார். எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

சரி, லோடு ஏற்றியாயிற்று போலிருக்கிறது. மான்சிக் ஹாரன் அடிக்கிறார், கேட்கிறதா? உங்களில் ஒருவர்தான் அவரோடு போகலாம். ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். கால் முட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்...

நடு சீட்டில் பையைக்கூட வைக்காதீர்கள்.