மந்திரியைக் கேள்வி கேட்ட குரல்

திண்டுக்கல்லில் இருந்து சின்னாளப்பட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு பெரியவர் செல்போனில் முந்தின நாள் பார்லிமெண்ட் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சித் தலைவர் பேசப் பேச, ஒரு பெண்குரல் அதைத் தமிழில் சொன்னது. "விதைக்கிற நேரத்தில் உரம் இல்லை. விவசாயிக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?"

பெரியவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "மந்திரியை இந்தப் போடு போடுறது எம்மகதான்" என்றார்.

"பேசுறது தலைவருல்லண்ணே?"

"அவரு இந்தியில பேசுறாரு. கேக்கக் கேக்கத் தமிழ்ல சொல்றது எம்மக. அங்க அதான் அவளுக்கு வேலை."

"பெரிய விசயம்ணே. நீங்களும் அவரு கட்சியா?"

"இல்லப்பா, நான் மந்திரி கட்சி. கல்யாணத்துக்கு முந்தியே கொடி பிடிச்சவன்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

"கொஞ்சம் கொறச்சுச் சொல்லக் கூடாதா தாயின்னு கேட்டேன். 'இவரு கேள்வியையும் முழுசாச் சொல்லுவேன், மந்திரி பதிலையும் முழுசாச் சொல்லுவேன்ப்பா'ன்னுட்டா. அம்புட்டுப் பேச்சுல ஒரு வார்த்தை விடலை. உரத்துக்குப் போயி நானே மூணு தடவை வெறுங்கையோட வந்தவன்தான்."

"கட்சியில ஒண்ணும் சொல்லலையா?"

"ஒன்றியச் செயலாளர் போன் போட்டாரு. உங்க மக நம்ம மந்திரியை இப்படிப் பேசலாமான்னாரு. அவ வேலையை அவ ஒழுங்காப் பாத்துட்டா. இனி மந்திரியை அவரு வேலையைப் பாக்கச் சொல்லுங்கன்னேன்."