மூடி அக்காவுக்கு, கடிகாரம் ஒலிக்கும் முன்

செல்களின் செவிலித்தாயே! சோதனைச்சாலையின் சோர்வறியாச் சுடரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் முதுநிலை ஆய்வக உதவியாளராய் முறை தவறாது உழைத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு அக்காவே! வணக்கம். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் தாங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததை நாங்களும் பார்த்துவிட்டோம்.

எங்களுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. புற ஊதா ஒளி பட்டு மரபணு இழை சிதைந்தால் செல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. உருவான உடனே அழிந்துபோகும் காவல் புரதத்தை அழியவிடாமல் சேர்த்து, உறங்கும் பழுதுநீக்கும் மரபணுக்களை உசுப்பி, பிரிவதை நிறுத்தி, பிழைக்க வழியே இல்லையெனில் தன்னையே மாய்த்துக்கொள்ளும். இதைச் செல் வளர்ப்புத் தட்டு ஒவ்வொன்றாக, நிமிடம் நிமிடமாக எங்களுக்குக் காட்டியவை தங்கள் கைகள்.

சென்ற ஆண்டு மூன்று மாதம் அந்தப் புரதம் எழவே இல்லை. விளக்கை மாற்றினோம், செல்லை மாற்றினோம், ஆய்வகத் தலைவரின் முகமே மாறிப்போயிற்று. "நம்ம கருத்தே தப்பு போல" என்று அறிக்கை எழுத உட்கார்ந்தோம். மருத்துவ விடுப்பு முடிந்து வந்த தாங்கள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டீர்கள்: "மூடிய எடுத்துட்டுத்தானே வெளிச்சம் காட்டினீங்க?"

கிருமி விழுந்துவிடுமே என்று தட்டைப் பிளாஸ்டிக் மூடியோடே காட்டியிருந்தோம். அந்த ஒளியோ மூடியைத் தாண்டாது. கீறலே படாத செல் எதற்காகக் காவலை எழுப்பும்? தாங்கள் "சரி, கையக் கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம், அக்கா!

இன்று கடைசி மறுசோதனை. புரதம் எழுந்தால் ஆய்வு தொடரும். எழாவிட்டால் தங்கள் பணியோடு அதுவும் முடியும். ஒளி காட்டும் நேரம் பார்த்து அலுவலகத்தார் தங்களைக் கையெழுத்துப் போட அழைத்துப் போனார்கள். இந்த விழாக் கூடத்துக்கு வந்ததிலிருந்து தாங்கள் நிலைகொள்ளாமல் இருப்பது அதனால்தான் என்று எங்களுக்குத் தெரியும்.

நோயற்ற உடலும், நெடிய ஆயுளும், நிறைந்த உறக்கமும் தங்களுக்கு வாய்க்கட்டும்! ஒளி காட்டிய நான்காம் மணி நேரத் தட்டை எடுக்க இன்னும் இரண்டே நிமிடம். அதை எங்களில் யாரும் தொடவில்லை, தங்கள் கைக்கே விட்டுவைத்தோம். கைதட்டல் காத்திருக்கும், செல் காத்திருக்காது, எழுந்து போங்கள்.

மூடியை எடுத்துவிட்டுத்தான் காட்டினோம், அக்கா. ஐந்து பேரும் தனித்தனியாகப் பார்த்தோம்.

என்றும் தங்கள் பணிவுள்ள,
செல் ஆய்வகத்து ஐவர்